ஒரு தோள் ராஜகிரி

மகளின் வலது தோளுக்கு மனோரமா போட்ட விலை ஐந்து பவுன். பள்ளிக்கூட நாளிலிருந்து வலது கையாலேயே ஷட்டில் ஆடி ஆடி, மதுமதிக்கு அந்தத் தோள் தடித்துக் கீழே இறங்கிவிட்டது. நின்றால் ஒரு தட்டில் மட்டும் சரக்கு வைத்த தராசு. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் நகையில் ஐந்து பவுன் ஏற்றிக் கேட்பார்கள். செஞ்சி கடைத்தெருவில் முப்பது வருடமாக ஜவுளி விற்கிறவளுக்கு இது தெரியாதா? பெண் பார்க்கும் நாளுக்கான ரவிக்கையில், இறங்கிய தோளுக்குப் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னாள்.

அங்கேதான் பிசகினாள். எதையும் கல்லாவில் தான் உட்கார்ந்த பக்கமிருந்தே பார்த்துப் பழகிய கண். மகளின் அளவு ரவிக்கையை எதிரே விரித்து, தன் வலக்கைப் பக்கம் இருந்த தோளைத் தையற்காரரிடம் காட்டிவிட்டாள். பஞ்சு போய் உட்கார்ந்தது, ஏற்கெனவே உயர்ந்திருந்த இடது தோளில். ரவிக்கை வந்து சேர்ந்ததோ, மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் வந்து நின்றபோது. காபித் தட்டோடு வந்த மதுமதிக்கு, செஞ்சிக் கோட்டை மலைகள்போல, ஒரு பக்கம் உயர்ந்த ராஜகிரி, ஒரு பக்கம் தாழ்ந்த சந்திரகிரி.

மாப்பிள்ளையின் அம்மா வசந்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "இன்னாம்மா, ஒரு தோளு இப்டித் தூக்கினு இருக்குது?"

மதுமதி தட்டைக் கீழே வைத்தாள். கழுத்தோரம் விரலை விட்டுத் தையலைப் பிய்த்துப் பஞ்சை உருவி, தம்ளர்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இது அம்மா வச்சது ஆன்ட்டி. எறங்கி இருக்குதே, அந்தத் தோளு நான் ஆடிச் சம்பாரிச்சது."

"ஆட்டத்த விட்டா சரியாயிடுமா?"

"சரியாவுதோ இல்லியோ, நான் வுடமாட்டேன். சாயங்காலம்கூட மேட்ச் இருக்குது."

கல்யாணமானால் விட்டுவிடுவாள் என்று சொல்ல மனோரமா வாயெடுத்தாள். வசந்தா முந்திக்கொண்டாள். "பழுதுச் சரக்குக்கு வெல கொறையும், உங்களுக்குத் தெரியாததா? அஞ்சு பவுன் சேத்துப் போடுங்க. ஆட்டத்தையும் நிறுத்திடுங்க."

ஐந்தே பவுன். தன் கணக்கு பிசகவில்லை என்று மனோரமா மகிழ்ந்திருக்கலாம். ஆனால் பழுது என்ற சொல் எங்கோ போய்த் தைத்தது. சாயம் போன துண்டைக்கூட அவள் கடையில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பியதில்லை.

"இதுக்கு ஒரே வெலதாங்க. கொறைக்கிறதுக்கில்ல."

வசந்தா எழுந்தாள். எழுந்து போகிறவர்களை வாசற்படியில் மடக்கி விலை குறைப்பது மனோரமாவின் பழக்கம் என்று ஊருக்கே தெரியும். வசந்தாவும் மெதுவாகத்தான் நடந்தாள். வியாபாரத்தில் வாய் திறக்காத மதுமதியின் அப்பா சொக்கலிங்கம் மனைவியின் முகத்தையே பார்த்தார். மனோரமா ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தாள்.

கார் போனபின் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். செலவு: கேசரி, காபி, ரவிக்கைத் தையற்கூலி. வரவு...

புடவையை மாற்றிக்கொண்ட மதுமதி, மட்டைப் பையை வலது தோளில் மாட்டியபடி படியிறங்கினாள். பை நழுவியது. ஓர் உலுக்கு உலுக்கி ஏற்றிக்கொண்டு தெருவில் நடந்தாள். வரவில் என்ன எழுதுவதென்று தெரியாமல் மனோரமா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.