மூன்றாம் மாடிக்கு நூற்றுப் பன்னிரண்டு படி

வாலுவுக்கு முதல் முறை மருந்து ஏற்றிய செவ்வாய்க்கிழமை, அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஒரு படி கூடியிருந்தது. அதுவரை மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படி. அன்று ஐம்பத்தைந்து. கட்டடம் ஒரு விரற்கடைகூட உயரவில்லை, எந்தப் படியும் குட்டையாகவில்லை. ஏழு வயது வாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு, களைப்பு தெரியாமலிருக்க எண்ணிக்கொண்டே ஏறியதால் அதை முதலில் கண்டவள் அவளுடைய அம்மாதான். சட்டை ஆலையில் காலர் தைக்கிறவள்; கட்டடத்தில் அவளுக்குக் காலர்காரி என்றே பேர். தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். அடுத்த செவ்வாய் ஐம்பத்தாறு.

மகளுக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். குணமாகும் வகைதான், ஆனால் இரண்டரை வருஷம் பிடிக்கும் என்றார் டாக்டர். ஒவ்வொரு முறை மருந்து ஏறும்போதும் ஒரு படி முளைத்தது. நான்காம் மாடியில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர், அறுபதாவது படி வந்தபோது விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு என்ஜினியர் வந்து நூல் பிடித்து அளந்தார். உயரம் சரி, எண்ணிக்கையும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பையை அங்கேயே மறந்துவிட்டு இறங்கிப் போனார். நோயாளி உள்ள குடும்பம் உடனே காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு படிகூட அதிகமாக ஏறாத இரண்டாம் மாடிக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் மாடி டியூஷன் வாத்தியார் சிவப்பு மையில் போட்டார்.

பஸ் ஓட்டும் புருஷன் சண்டைக்குப் பயந்த மனுஷன். “வேற வீடு பாத்துடலாமா?” என்று கேட்டான்.

“நோய் நம்மளது. படியும் நம்மளதா?” என்றாள். அன்றிலிருந்து அவனும் கேட்கவில்லை. அவள் யாரோடும் நல்லபடியாகப் பேசுவதை விட்டுவிட்டாள். ஊசி போட நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்திய நர்ஸைத் திட்டினாள். எல்லாம் சரியாயிடும் என்று சொன்ன ஆலை மேஸ்திரியை, எப்போது, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஒரே ஒரு தடவை ஏறி வந்த நாத்தனார், மூச்சிரைக்க உட்கார்ந்து, “எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி வந்ததில்ல” என்றாள். கொடுக்க எடுத்த தம்ளர் தண்ணீரைக் காலர்காரி தானே குடித்துவிட்டு, “பாத்து இறங்குங்க அண்ணி, இன்னும் ஒண்ணு முளைச்சிருக்கும்” என்று கதவைச் சாத்தினாள்.

படி எழுபத்து மூன்றாக இருந்த ஒரு மத்தியானம் வாலுவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டது. அந்த மருந்து ஏறுகிற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். படிக்கட்டின் திருப்பத்தில் செயலாளர் காகிதத்தோடு நின்றிருந்தார். அவர் முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“இன்னைக்கு ஒரு முடிவு சொல்லாம நகர முடியாதும்மா.”

“நகருங்க சார்.”

“எனக்கும் எழுபது வயசு. நானும் மனுஷன்தானே?”

அவள் பதில் சொல்வதற்குள், மொட்டைத் தலையைத் தோளிலிருந்து நிமிர்த்தி வாலு சொன்னாள்: “தாத்தா, தள்ளிக்கோங்க. வாந்தி வருது.” அவர் நகரவில்லை. வாந்தி அவர் காகிதத்திலும் செருப்பிலும் விழுந்தது. பிறகு நகர்ந்தார். காலர்காரி மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மீதிப் படிகளை எண்ணாமல் இறங்கினாள்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிள்ளை பிழைத்தது. திரும்பி வந்தபோது நோட்டீஸைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். ஆனால் அதே திருப்பத்தில் ஒரு மர நாற்காலி கிடந்தது. நான்காம் மாடி வீட்டு நாற்காலி அது. செயலாளரின் மனைவி வைத்தது. அந்த அம்மாள் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, அப்போதும் பேசவில்லை. காலர்காரி அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறினாள். அடுத்த வாரம் மறுபடி அங்கேயே இருந்தது. மறுபடி தள்ளினாள். ஏழு வாரம் இப்படி நடந்தது. எட்டாம் வாரம், மகளை மடியில் வைத்துக்கொண்டு, நான்காம் மாடிக்கு முதுகைக் காட்டி, அதில் உட்கார்ந்தாள்.

இரண்டரை வருஷம் முடிந்து, கடைசி மருந்தும் ஏறி, டாக்டர் இனி வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் போதும் என்றபோது படி நூற்றுப் பன்னிரண்டு. அதோடு நின்றது. குறையவும் இல்லை. செயலாளர் தன் மகன் வீட்டுக்குக் குடிபோனார். டியூஷன் வாத்தியார் நலம் விசாரித்தார். அவள் காது கேளாதவள் போல் போனாள். நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து, கீழிருந்து மேலே ஒரு முறை, மேலிருந்து கீழே ஒரு முறை எண்ணி, மூன்றாம் மாடி, நூற்றுப் பன்னிரண்டு என்று பதிவேட்டில் எழுதி முத்திரை குத்தினார். புதிதாகக் குடிவருகிறவர்கள் காற்று வருமா, தண்ணீர் வருமா என்றுதான் கேட்கிறார்கள்.

தலைமுடி சுருள் சுருளாக முளைத்த வாலு இப்போது இரண்டிரண்டு படியாகத் தாவுகிறாள். ஒருநாள் மேலே நின்று, “இன்னும் ஏம்மா எல்லார் மேலயும் கோவமா இருக்கே?” என்று கேட்டாள்.

“கோவமெல்லாம் இல்லடி. பழகிடுச்சு,” என்றாள் அம்மா, தொண்ணூற்றாறாவது படியில் மூச்சு வாங்கியபடி. பிறகு மிச்சம் பதினாறையும் ஏறினாள்.