மூன்றாவது சில்லு

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பது அம்பலவாணனுக்காகவே சொல்லிவைத்த பழமொழி. விமானம் ஒழுங்காகத்தான் நின்றது. நோர்பரியில் செல்வரத்தினம் வீட்டுக் கராஜுக்குள் மரச்சட்டம் இழைத்து, துணி ஒட்டி, ஏழு வருசமாக இரண்டு பேருமாகக் கட்டி முடித்த சின்ன விமானம். முன்சில்லு இரண்டுக்கும் பருத்த ரயர். புல்லுத் தரையில் இறங்குவதற்கு அதுதான் நல்லது என்று வரைபடத்திலேயே போட்டிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். விட்டானா?

அவனுக்கு விமான நிலையத்தில் வேலை. பெரிய விமானங்களின் சில்லைக் கழற்றிப் பூட்டுகிறவன். சில்லைப் பற்றித் தனக்குத் தெரியாதது இந்த உலகத்தில் இல்லை என்று ஒரு நினைப்பு.

“அண்ணை, உந்த ரயர் உழவு மெஷினுக்குத்தான் சரி,” என்றான் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதத்தில். “சின்ன ரயரைப் போட்டு, மேலை சப்பாத்தும் போட்டால் காத்துப் பிடிக்காது. மணிக்கு ஏழு மைல் கூடும்.”

சப்பாத்து என்று அவர்கள் சொன்னது சில்லை மூடுகிற பைபர் கிளாஸ் கூட்டை.

“ஏழு மைல் கூடப் போய் என்னடாப்பா செய்யிறது? எங்களை ஆர் கலைச்சுக்கொண்டு வருகினம்?” என்றார் செல்வரத்தினம். அவர் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஓட்டுபவர். ஏன் இந்த வீண் வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “தண்டவாளம் போற பக்கமே போய்ப் போய் அலுத்திட்டுது. ஒருக்கா நான் நினைச்ச பக்கம் திரும்பவேணும்.”

“வடிவாயும் இருக்கும் அண்ணை.”

உண்மையான காரணம் அதுதான். கென்ற் பக்கத்தில் சின்ன விமானங்கள் ஏறி இறங்குகிற புல்லுத் தரையில் மற்றவர்களுடைய விமானங்கள் மழுமழுவென்று சப்பாத்துப் போட்டு நிற்க, தங்களுடையது மட்டும் வெறுங்காலோடு நிற்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று கிழமை விடாமல் அரித்தான். கடைசியில் செல்வரத்தினம் இறங்கிவந்தார்.

“சரி, சில்லு உன்ரை பகுதி. நீ சொன்னால் நான் நம்புறன்.”

செல்வரத்தினம் வேலைக்குப் போயிருந்த ஒருநாள் சோதிக்க வந்த வெள்ளைக்காரக் கிழவர் ரயருக்கும் கூட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல்தான் போனது. தார் ஓடுபாதைக்கு இது போதும், ஈரப் புல்லில் ஓடுவதானால் கூட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஓடவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். அம்பலவாணன் தலையை ஆட்டினான். செல்வரத்தினத்திடம் மூச்சும் விடவில்லை. சொன்னால் பழைய ரயரையே மாட்டு என்று விடுவாரே! கெடுகுடி சொற்கேளாது.

கோடையில் வேறொருவர் ஓட்டிப் பார்த்து, கடதாசி எல்லாம் சரிவந்து, ஓட்டப் பழகி லைசென்சும் எடுத்திருந்த செல்வரத்தினம் முதன்முதலாகத் தானே ஓட்டுகிற நாள் ஐப்பசியில் வந்தது. இரண்டு நாளாகப் பெய்த மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது. அம்பலவாணனுக்குக் கிழவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு சப்பாத்துக்கு எட்டு ஆணி. ஸ்குறூட்ரைவர் பொக்கற்றுக்குள் இருந்தது.

ஆனால் செல்வரத்தினத்தின் மனைவி சிவகௌரி அப்போதுதான் அந்தச் சப்பாத்துகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தாள். “பாருங்கோ, பொம்பிளைப்பிள்ளை மாதிரி நிக்கிது,” என்று சிரித்தாள். அதைக் கேட்ட பிறகு கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை. ஒருநாள்தானே என்று விட்டுவிட்டான்.

புது வாகனம் புறப்படுவதென்றால் சில்லுக்கு முன்னால் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு போகவேண்டும். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் ஐயர் அர்ச்சனை செய்து கொடுத்ததைச் சிவகௌரி கொண்டுவந்திருந்தாள். முன்சில்லு இரண்டுக்கும் ஒவ்வொன்று வைத்தாள். வாலுக்குக் கீழே பொத்திய கை அளவில் ஒரு சின்னச் சில்லு. அதற்கும் வைக்கப் போனவளைச் செல்வரத்தினம் மறித்தார்.

“அது விளையாட்டுச் சில்லப்பா. அதுக்கு என்னத்துக்கு?”

விமானம் உருண்டது. வலப்பக்கத்துத் தேசிக்காய் நசிந்து புல்லில் கிடந்தது. இடப்பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஓடும்போது இடப்பக்கமாக ஒருதரம் இழுத்தது, பிறகு எழும்பிவிட்டது.

இருபது நிமிடம் அந்த மனிதர் நினைத்த பக்கமெல்லாம் திரும்பினார். கீழே நின்று சிவகௌரி கைதட்டினாள்.

இறங்கும்போது இடப்பக்கச் சில்லு சுழலவில்லை. மூக்கு புல்லில் குத்தி, வால் எழும்பி, விமானம் மல்லாக்கப் பிரண்டது. அவ்வளவுதான் நடந்தது, இரண்டு மூச்சு விடுகிற நேரத்துக்குள்.

முதலில் ஓடிப்போனவன் அம்பலவாணன். செல்வரத்தினம் பெல்ற்றில் தலைகீழாகத் தொங்கினார். கழுத்து முறிந்துவிட்டது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மேலே வலப்பக்கச் சில்லு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. மற்றதைத் தள்ளினான். அசையவில்லை. அந்த ஒரு விரல் இடைவெளிக்குள் விரலை விட்டுத் தோண்டினான். சேறு, புல்லு, அதற்கும் உள்ளே ஆப்பு வைத்ததுபோல இறுகிப்போய்ப் பாதித் தேசிக்காய். அந்த மணம் மூக்கில் ஏறியது.

திரும்பிப் பார்த்தான். ஒரு செருப்போடு சிவகௌரி ஓடிவந்துகொண்டிருந்தாள். அவள் தன் கையால் வைத்த தேசிக்காய் இது. இது தெரிந்தால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. பிடுங்கிக் கோட்டுப் பொக்கற்றுக்குள் போட்டான். விசாரிக்க வந்தவர்கள் சேறும் புல்லும் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிருத்தியம். சனம் சாப்பிட்டுப் போன பிறகு சிவகௌரி அவனைக் குசினிக்குள் கூப்பிட்டாள். பாதியாக உருகிப்போயிருந்தாள். பாலும் தண்ணியும் தவிர அவள் வாயில் ஒன்றும் வைப்பதில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்குப் போட்டுக் கொடுத்த சோறு மேசையில் அப்படியே இருந்தது.

“தம்பி, உம்மட்டை ஒண்டு கேக்கவேணும்.” சாமிப் படத்துக்கு முன்னாலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். சுருங்கிக் கறுத்த ஒரு முழுத் தேசிக்காய். “ஐயர் மூண்டு தந்தவர். இவர்தான் வேண்டாமெண்டார், நானும் பையுக்குள்ளை வைச்சிட்டன். மூண்டாவது சில்லுக்கும் வைச்சிருந்தால் அவர் இருந்திருப்பார். என்ன? நான்தானே அவரைச் சாக்காட்டினனான்?”

வைக்காத காயை நினைத்துச் சாகக் கிடக்கிறாளே இந்தப் பெண்! அதில்லை அக்கா, வைத்த காய்தான் என்று எந்த வாயால் சொல்வது?

“தேசிக்காயிலை ஒண்டுமில்லை அக்கா,” என்றான். “சில்லிலைதான் பிழை. சின்ன ரயர் நான் போடச் சொன்னது. கூட்டுக்குள்ளை ஒரு விரல்தான் இடைவெளி விட்டனான். ஈரத்திலை ஓடுறதெண்டால் கழட்டச் சொன்னவை. நான் கழட்டேல்லை.”

“அவருக்குத் தெரியுமோ?”

“இல்லை. நான் சொல்லேல்லை.”

அவள் கதிரையில் இருந்தாள். தேசிக்காயை மேசையில் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அப்ப என்ரை கையிலை பிழையில்லை?”

“இல்லை அக்கா.”

இதில் பொய் எவ்வளவு என்று பிறகு பலநாள் அவன் யோசித்ததுண்டு. பருத்த ரயர் என்றால் தேசிக்காய் நசிந்த இடத்திலேயே கிடந்திருக்கும். செல்வரத்தினம் இன்றைக்கும் டிஸ்ட்ரிக்ட் லைனில் ரயில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

“உன்னை நம்பித்தானேடா ஏறினவர்,” என்றாள் சிவகௌரி. அதுவரை நீர் என்றவள் நீ என்றாள். “போ. இனி இந்தப் படி மிதியாதை. என்ரை கண்ணிலையும் முழியாதை.”

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனான். பின்னால் மேசையில் தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். சிவகௌரி சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து பொக்கற்றுக்குள் கையை விட்டான். அந்தப் பாதித் தேசிக்காயின் காய்ந்த தோல் விரலில் தட்டுப்பட்டது. தெருவோரத்தில் குப்பை வாளி இருந்தது. அவன் அதைத் தாண்டி நடந்து போனான்.