கறுக்காத கப்பல் பழம்

“எத்தனை எழுத்தை வெட்டினனீர்?” என்று பிறெடி கேட்டான்.

“மரபணுவில ஒரே ஒரு எழுத்து. பழத்தைக் கறுக்க வைக்கிற எழுத்து. வேற ஒண்டும் சேர்க்கேல்லை,” என்றாள் ஜீவராணி.

“அப்ப உங்கட அண்ணருக்கும் ஒரு எழுத்தை வெட்டிவிடுமன். துறைமுகத்தில வேலை செய்யிற, சிலுவை போட்ட வேதக்காரனைக் கண்டால் முகம் கறுக்கிற எழுத்து.”

அவள் சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்த கப்பல் வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். ஆய்வுகூடத்துப் பழம் அதன் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். கப்பலில் மூட்டை இறக்குகிறவனுக்குக் கப்பல் பழமா என்று கேட்டபடி பாதியைக் கடித்தவன், மற்றப் பாதியைத் திருப்பிக் கொடுத்தான். “மிச்சத்தை உங்கட வீட்டுக்குள்ள கூப்பிட்டுத் தாரும். களவாகத் தின்னமாட்டன்.”

இது 2019 ஆவணியில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எதிரே நடந்தது. அந்தப் பாதிப் பழம் அதற்குப் பிறகு ஆறு வருடம் கறுக்கவில்லை.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடிச் சாப்பாட்டு மேசையில், ஒரு பீங்கானில் அது இருந்தது. பிறெடியின் முன்பல் இடைவெளிகூட அதில் தெளிவாகத் தெரிந்தது. தாய் நாகேஸ்வரி ஈ மொய்க்குமென்று பயந்தாள், ஈ வரவில்லை. ஊரடங்குக் காலத்தில் அதன் பக்கத்தில் வைத்த கறிவேப்பிலை மூன்று மாதம் வாடாமல் கிடந்தது. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்ற வருடத்தில் ஒழுங்கை முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிகள் நாறின. அயலவர்கள் மீன் பொதிகளோடு படியேறி வந்து பீங்கானைச் சுற்றி அடுக்கினார்கள். கீழ்வீட்டு றிப்னா குழந்தையின் பால்போத்தலை வைத்தாள். அண்ணன் யோகராஜ் மட்டும் அந்தப் பல்தடத்துக்கு முதுகைக் காட்டியே சாப்பிட்டான். “வேதக்காரன்ர எச்சிலுக்குக் காவலோ?” என்பான். “ஓம்,” என்பாள் ஜீவராணி, தன்பாட்டில் சாப்பிட்டபடி.

இதற்கிடையில் ஆய்வை நிறுத்தினார்கள். வாழைகளையெல்லாம் எரித்துவிட்டு, ஒன்றும் மிச்சமில்லை என்று ஒப்பமிடச் சொன்னார்கள். அவள் படிவத்தில் ‘மிச்சம்: பாதிப் பழம். தரமாட்டேன்’ என்று எழுதினாள். வேலை போயிற்று, மருந்துக்கடை ஒன்றில் சேர்ந்தாள். இரண்டு அதிகாரிகள் வீடு தேடி வந்து பழத்தைக் குசினி அடுப்பு நெருப்பில் அரை மணித்தியாலம் பிடித்தார்கள். அது இளஞ்சூட்டோடு, வெள்ளையாகவே திரும்பி வந்தது. மூத்தவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, ‘அழிக்க இயலாது. வைத்திருப்பவரிடமே இருக்கலாம்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

செவ்வாய்தோறும் அவள் அந்தோனியாரிடம் போவாள். திரும்பும்போது பிறெடி பஸ்ஸில் கூடவந்து கீழ்க்கதவு வரை கொண்டுவந்து விடுவான்; கூப்பிடாமல் படியில் கால் வைக்கமாட்டான். அரசாங்கப் படிவத்தில் தரமாட்டேன் என்று எழுதியவள், அண்ணனுக்கு முன்னால் அவனைக் கூப்பிடுவதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவந்தாள். பழம்தான் கறுக்கப்போவதில்லையே.

போன புரட்டாதியில் ஒரு செவ்வாய் பின்னேரம் அவள் படியேறி வந்தபோது, கடித்த ஓரத்தில் நூலளவு கறுப்பு ஓடியிருந்தது. அவள் எழுத்தைப் பிழையாக வெட்டவில்லை. பழத்துக்குப் பொறுமை போய்விட்டது, அவ்வளவுதான்.

“ஒருமாதிரி முடிஞ்சுது. குப்பையில போடு,” என்றான் யோகராஜ்.

நாகேஸ்வரி இன்னொரு கதிரையை இழுத்து மேசையடியில் போட்டாள்.

ஜீவராணி பீங்கானைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனாள். கீழே பிறெடி ஒழுங்கை முடக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். றிப்னா உடுப்புக் காயப்போடுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். கடலோரமாய்ப் போன ரயிலின் சத்தம் அடங்கும்வரை ஜீவராணி பொறுத்தாள். பிறகு, ஒழுங்கை முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“பிறெடி, மேல வாங்கோ. அண்ணா வீட்டிலதான் நிக்கிறார். அவருக்கு முன்னால இருந்து மிச்சத்தையும் தின்னுங்கோ.”