நன்றி சொல்லாத கடைசிப் பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு காலிப் பக்கத்திலிருந்து வந்தது. எழுத்தாளர்கள் பெருமூச்சு விடுகிற காலிப் பக்கம் வேறு. இது பக்கத்து வீட்டு லீலாவதி தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டியது. வெள்ளைத் திரை. மேலே தலைப்பு, அதன் கீழே மயிரிழை மாதிரி ஓர் ஆரஞ்சுக் கோடு. மற்றதெல்லாம் வெறுமை.

"எப்படிக்கா இருக்கு?"

"என்னடி, சாமான் வந்து சேராத வீடு மாதிரி இருக்கு."

"அதான் வேணும்."

லீலாவதி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் வைத்திருக்கிற ஒரு நிறுவனத்தின் வட்டார அலுவலகத்தில், தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறாள். கூட்டங்களுக்கு ஸ்லைட் தயாரிப்பதும் அவள் வேலை. அன்று காட்டியது பவர்பாயிண்ட் இல்லை. லேடெக் என்று ஒன்று. இதில் இழுத்து ஒட்டுவது கிடையாது. என்ன வேண்டும் என்பதை எழுத்தாக எழுதி ஓட்டவேண்டும். ஓட்டினால் அச்சுக் கோத்தது போலப் பக்கங்கள் வரும். ஒரு வரி வேண்டாம் என்றால் அழிக்கத் தேவையில்லை. முன்னால் விழுக்காட்டுக் குறி போட்டால் வரி கோப்பிலேயே கிடக்கும், திரைக்கு வராது.

இந்த வசதி எனக்குப் பிடித்துப்போனது. இந்தக் கதையையும் அப்படித்தான் எழுதுகிறேன். என்ன ஒன்று, நான் குறி போட்ட வரிகளும் உங்களுக்குத் தெரியும்.

% புக்கிட் பெலிம்பிங்கில் அன்று காலை பனி மெல்ல விலக

(எந்தப் பனி? இந்த மலேசியத் தோட்டத்தில் விடிவதே புழுக்கத்தோடுதான்.)

% மரணம் ஒரு கம்பியில் காத்துக்

(இதை விட்டுவைத்தால் லீலாவதி என் வீட்டுப் படியேற மாட்டாள்.)

2

நடந்தது இதுதான். தோட்டத்தில் பதினாலாம் நிரை என்கிற மரவரிசைக்கு மேலே மின்கம்பி போகிறது. கன்று நட்ட காலத்தில் கம்பி எங்கேயோ இருந்தது. மரங்கள் வளர்ந்தன, கம்பி வளரவில்லை. உயர்ந்த மரத்தில் குலை வெட்ட, நுனியில் அரிவாள் பூட்டிய நீள அலுமினியக் கழி வேண்டும். ஒரு நாள் குலை வெட்டுகிற ஜுனைடி கழியை நிமிர்த்தினான். கம்பியில் பட்டது. மருத்துவ வண்டி வந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை, உயிர் போயிருந்தது.

ஜுனைடி இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவன்.*

* முதல் வரைவில் அவனைத் தமிழனாக்கி, அசாம் ஜாவாவில் வீடு கொடுத்து, வீட்டில் மனைவியையும் உட்காரவைத்திருந்தேன். அப்போதுதான் உங்களுக்கு அழுகை வரும் என்ற கணக்கு. பிறகு அடித்துவிட்டேன். இன்றைக்குக் குலை வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் கடல் தாண்டி வந்தவர்கள். நம் ஆட்களும் அப்படி வந்தவர்கள்தான். அழ முடிந்தால் இவனுக்கே அழுங்கள். முடியாவிட்டால் மேலே படியுங்கள்.

நிறுவனம் 'கவனக்குறைவு' என்று சொல்லிவிட்டது. எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டு அதே நிரையில் வெட்டலாம் என்பது தோட்ட நிர்வாகத்தின் யோசனை. நிரையையே சாய்த்துவிட வேண்டும் என்பது லீலாவதியின் யோசனை. செவ்வாய்க்கிழமை கோலாலம்பூரிலிருந்து பெரிய மேலாளர் வந்து கூட்டம் வைக்கிறார். அங்கேதான் முடிவு. வியாழக்கிழமை அந்த நிரைக்கு மறுபடியும் குலை வெட்டும் சுற்று வருகிறது. ஜுனைடியின் இடத்தில் போட்டிருக்கும் ஆள் விமலன், லீலாவதியின் தம்பி.

3

சத்தியசீலனைப் பற்றிச் சொல்லவேண்டும். லீலாவதியின் மேலதிகாரி. கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அழகுபடுத்துகிறவர். எந்தக் கூட்டமானாலும் அன்று காலை அவள் ஸ்லைடுகளைத் திறந்து, நான்கு சின்னங்கள், ஒரு பச்சை இலை, சுழன்று வரும் எழுத்து எல்லாம் சேர்த்து, கடைசியில் சூரியகாந்திப் பூப் போட்டு 'திரிமா காசி' என்று நன்றி சொல்லி முடிப்பார். ஆலைப் படிக்கட்டில் கைப்பிடி உடைந்து தொங்குவதை முன்பு ஒருமுறை அவள் படமெடுத்துப் போட்டாள். அது குடும்ப தினப் படங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

அதனால்தான் லேடெக். அதில் வரும் கோப்பை அவர் திறக்கலாம். எதையும் நகர்த்த முடியாது.*

* கணினிக்காரர்கள் சிரிக்கவேண்டாம். அந்தக் கோப்பிலும் பக்கம் செருக வழி உண்டு என்று எனக்கும் தெரியும், லீலாவதிக்கும் தெரியும். சத்தியசீலனுக்குத் தெரியாது.

அவள் எடுத்தது ஏற்கெனவே சிக்கனமான ஒரு தீம், அதாவது பக்க வடிவமைப்பு. அதையும் இன்னும் உரித்தாள். 'முடியப்போகிறது, பொறுங்கள்' என்று ஆறுதல் சொல்வது போல பக்கத்தின் அடியில் நீண்டுகொண்டே போகும் கோட்டை எடுத்தாள். சின்னங்களை எடுத்தாள். பின்வரிசைக்கும் தெரியவேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினாள். வரி விளிம்பைத் தாண்டுகிறது என்று லேடெக் முறையிட்டது. எழுத்தைக் குறைக்காமல் சொற்களைக் குறைத்தாள். குறைத்துக் குறைத்து ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் மிஞ்சியது: மரத்தின் உயரம், கழியின் நீளம், கம்பியின் உயரம்.

% அந்த ஆரஞ்சுக் கோடு மின்கம்பியைப் போல

(கோடு கோடுதான். அதையும் அவள் கறுப்பாக்கிவிட்டாள்.)

அந்தத் தீமில் ஒரு தனிவகைப் பக்கம் உண்டு. திரை முழுக்க இருட்டு, நடுவில் ஒரே வாக்கியம், வெள்ளை எழுத்தில். 'கேள்விகள் உண்டா?' என்று கேட்கப் பலர் அதைப் பயன்படுத்துவார்கள். லீலாவதி அதைக் கடைசியில் வைத்து மலாயில் எழுதினாள்: பதினாலாம் நிரையை வெட்டிச் சாய்க்கவும்.

"ஏன்டி கடைசியில?"

"கூட்டத்துல எந்தப் பக்கம் ரொம்ப நேரம் நிக்கும், சொல்லுங்க? கடைசிப் பக்கம்தான். கேள்வி கேட்கிறப்ப, தே ஓ குடிக்கிறப்ப, கறிபாப் கடிக்கிறப்ப, எல்லாம் அதுதான் எதிர்ல நிக்கும். அந்த எடத்தப் போயி பூவுக்குக் குடுத்து வச்சிருக்கோம்."

4

விமலனை நான் சந்தேகப்படுகிறேன். தம்பியை அந்த நிரையில் கொண்டுபோய் நிறுத்துவது கதைக்காரர்கள் செய்கிற வேலை. ஆனால் அவனுக்கு நிஜமாகவே அந்த நிரைதான், இப்போது என் வீட்டில் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருக்கிறான்.

"லேடெக்ஸா? ரப்பர் மரத்தெல்லாம் சாய்ச்சு எவ்வளவு காலமாச்சு, நீ இன்னும் பாலெடுத்துக்கிட்டிருக்கியா?"

"வாய மூடிட்டுத் தின்னுடா. வியாழக்கிழம ஒடம்பு சரியில்லன்னு எம்சி எடுத்துக்க."

"எடுத்தா? ஜுனைடி ரூம்ல இருந்த பையன அனுப்புவானுங்க. கழியப் பாத்தாலே அவன் ஒதுங்கிப் போறான். நான் போறேன், விடு."

"அப்ப அந்த நிரை போகணும்."

"அதுக்கு ஒரு தேங்க்யூ போட்டுத்தான் கேளேன்க்கா. கொறஞ்சா போயிடுவ?"

அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

அவன் போனபிறகு நான் கேட்டேன். "உன் தம்பி அங்க இல்லாட்டி, ஜுனைடிக்காக மட்டும் இந்தக் கடைசிப் பக்கத்த வச்சிருப்பியா?"

"கதைக்கு வேணுமா இது?"

"எனக்கு வேணும்."

கணினியை மூடினாள். கோபம். வாசல்வரை போனவள் திரும்பிச் சொன்னாள்: "தெரியலக்கா. தெரியலன்னே எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

5

செவ்வாய் காலை. சத்தியசீலன் கணினியின் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"லீலா, இதுல எங்கம்மா கிளிக் பண்றது? ஒண்ணும் அசைய மாட்டேங்குது லா."

"அசையாது சார். என்ன மாத்தணும்னு சொன்னா எழுதி ஓட்டித் தரேன்."

"கடைசியில திரிமா காசி எங்க?"

"இல்ல சார்."

"இல்லன்னா? பெரியவர் கேஎல்லேர்ந்து வராரு. ஒரு நன்றி கூட இல்லாம, வெட்டுன்னு உத்தரவு போடறியா?" குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பாவும் தோட்டத்துல கெடந்தவர்தான். குனிஞ்சு போனதாலதான் நான் இந்த நாற்காலிக்கு வந்தேன். ஒன் நல்லதுக்குச் சொல்றேன்."

"எங்கம்மாவும்தான் குனிஞ்சாங்க. உரம் தூக்கி. எந்த நாற்காலியும் வரல சார்."

"ஒரே ஒரு பக்கம்மா. போட்டுடு."

நன்றி வரி கோப்பில் இருந்தது. பழக்கதோஷத்தில் முதல் நாளே எழுதி, பிறகு முன்னால் குறி போட்டு வைத்திருந்தாள். அந்த ஒரு குறியை எடுத்தால் போதும், பெரியவருக்கு நன்றி வந்துவிடும்.

% "சரி சார், ஓட்டிட்டேன்" என்று சொல்லி அவள் உள்ளுக்குள் சிரித்

(சாமர்த்தியமான பதில், உங்களுக்கும் பிடித்திருக்கும். ஆனால் அவள் சொன்னது வேறு.)

"போட மாட்டேன் சார்."

"அப்ப நீயே நின்னு பேசிக்க. அதுல எம்பேரு வேணாம்."

முதல் பக்கத்தில் இருந்த அவர் பெயருக்கு முன்னால் ஒரு குறி போட்டாள். ஓட்டினாள். பெயர் போய்விட்டது.

6

அவள் பேசி முடித்தாள். திரை இருண்டது. நடுவில் வெள்ளை வாக்கியம்.

பெரியவர் காத்திருந்தார். "அடுத்த பக்கம்?"

"இதுதான் சார் கடைசி."

யாரோ இருமினார்கள். கைதட்டும் இடம் எது என்று தெரியாமல் சிலர் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். தோட்ட நிர்வாகி, நிரையைச் சாய்த்தால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்று சொன்னார். பலகை நட்டால் போதுமே என்றார் பெரியவர். பெரிய எழுத்தில், மூன்று மொழியில் நடலாமே.

"கழிக்குப் படிக்கத் தெரியாது சார்."

பால் கலக்காத தே ஓ வந்தது. பேச்சு விளைச்சலுக்குப் போனது, உரத்துக்குப் போனது, லோரிக்குப் போனது. ஒவ்வொருவரும் கோப்பையை எடுக்கும்போது கண் திரைக்குப் போய் மீண்டது. கடைசியில் பெரியவர் சொன்னார்: "மிஸ், அதை அணைச்சிடலாமே."

திரையை அணைக்கும் விசை அவள் கையில் இருந்தது. அவள் அழுத்தவில்லை.

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

% பெரியவர் சரி என்றார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் நிரை சாய்ந்தது.

% பலகை நட்டார்கள். மஞ்சள் நிறம், மூன்று மொழி, தமிழும் உண்டு.

% சத்தியசீலன் எழுந்துபோய்ச் சுவரில் விசையை அணைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

எதன் முன்னாலிருந்து குறியை எடுத்தாலும் கதை ஓடும். எடுக்க மாட்டேன். முதலாவது உங்களை நிம்மதியாகத் தூங்கவைக்கும். இரண்டாவது கொஞ்சம் வருத்தப்பட்டபின் தூங்கவைக்கும். மூன்றாவது இருந்தால் சத்தியசீலனைத் திட்டிவிட்டுத் தூங்குவீர்கள். உங்களைத் தூங்கவைக்க நான் ஆயா வேலைக்கு வரவில்லை.

மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். தே ஓ ஆறிவிட்டது, பரவாயில்லை. பெரியவர் இப்போது உங்களைப் பார்க்கிறார். லீலாவதி விசையைப் பிடித்தபடி நிற்கிறாள், அவளும் உங்களைத்தான் பார்க்கிறாள். வியாழக்கிழமை விமலன் கழியை நிமிர்த்த வேண்டும்.

பலகையா, நிரையா? வாயைத் திறந்து சொல்லுங்கள்.