கழுகு போட்ட சத்தம்

பறவைக் காப்பகத்துக் கூண்டின் சாவி இன்னும் அவள் இடுப்பில்தான் தொங்கும் என்று தெரிந்திருந்தால் அவன் வந்தே இருக்கமாட்டான். விவாகரத்தான பெண்டாட்டி முகத்தில் விழிக்க யாருக்கு ஆசை?

"வேற போட்டோகிராபர் கிடைக்கலையா?" என்று அவன் காதுபடவே காப்பகத்து டாக்டரம்மாவிடம் கேட்டாள். "இவருக்குக் கேமரா இல்லாம எதையும் ஒழுங்கா பாக்கத் தெரியாது."

அவனுக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க ஒரு சொல்லைத் தேடிக்கொண்டே லென்ஸைத் துடைத்தான்.

இறக்கை முறிந்து குஞ்சாக வந்த கழுகு அது. மறுநாள் காலை திறந்துவிடப் போகிறார்கள். அதற்குள் இறக்கை, அலகு, நகம் எல்லாம் படமாகப் பதிவாக வேண்டும். அந்தக் காப்பகத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. கூண்டருகே யாரும் பேசக் கூடாது, இரையை முகம் காட்டாமல் சுவர்த் துவாரம் வழியாகப் போட வேண்டும். மனிதர் என்றால் சாப்பாடு என்று பழகிவிட்டால், வெளியே போனதும் எவன் முன்னாலாவது இறங்கி நின்று கல்லடி பட்டுச் சாகும்.

துணி மறைப்புக்குப் பின்னால் அவன் உட்கார்ந்தான். கழுகு உம்மென்று இருந்தது.

"ரொம்பக் கிட்டப் போகாதீங்க," என்றபடி அவள் வந்தாள். கழுகு காது கிழியக் கத்தியது. அவளுக்குப் பரம திருப்தி. "அதுக்கும் உங்களைப் பிடிக்கல."

பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினான். பிறகு கேமராவின் திரையைப் பார்த்தான். இது கோபமில்லை. இறக்கையைத் தொங்கவிட்டு, தலையைத் தாழ்த்தி, வாயைப் பிளந்து நின்றது கழுகு. தாயிடம் இரை கேட்கும் குஞ்சுகளை எத்தனையோ கூடுகளில் எடுத்திருக்கிறான். அதன் கண் அவள்மேல்தான் இருந்தது.

"இதுகிட்ட பேசுவியா நீ?"

அவள் முகம் வெளுத்தது. "வேற யார்கிட்ட பேசறது? வீட்ல யார் இருக்கா?" பிறகு இறங்கி வந்தாள். "டாக்டரம்மாகிட்ட காட்டாதீங்க. அது பறக்கறத ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

"பறந்தா செத்துரும்."

"என்னைப் பழிவாங்கணும், அதானே?"

அதுவும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன். காட்டினான்.

டாக்டரம்மா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கூண்டுகிட்ட நின்னு ஏதாவது பேசும்மா."

தாலி ஏறிய நாள் முதல் வாய் ஓயாதவள், உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா விடுவதாக இல்லை. கடைசியில், இருக்கிற வெறுப்பையெல்லாம் குரலில் திரட்டி, "எங்கயாவது தொலைஞ்சு போ," என்றாள்.

அவனிடம் அவள் கடைசியாகச் சொன்னதும் இதைத்தான். அன்று அவன் போய்விட்டான். கழுகு கிளையை விட்டிறங்கி, தரையில் தத்தித் தத்தி நடந்து கம்பியோரம் வந்து, அவளைப் பார்த்து வாயைப் பிளந்தது.