டுவேன் போடாத கையெழுத்து

வீட்டை விற்க அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. வெர்னா காலைச் சவாரி முடித்து, தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை விட்டு இறங்கும்போது பத்திர அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வில்லங்கம் பார்த்ததில், வீட்டில் பாதி இன்னும் டுவேன் ஃப்ரை என்பவர் பெயரில் இருக்கிறதாம். அது யார் என்று கேட்டாள் அங்கே வேலை செய்யும் பெண்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் என் புருஷன்," என்றாள் வெர்னா. "வீடு எனக்குத்தான்னு கோர்ட்லயே தீர்ப்பாயிடுச்சேம்மா."

"ஆயிடுச்சு. ஆனா முப்பது நாளைக்குள்ள அவர் உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரணும்னு அதே தீர்ப்புல இருக்கு. அப்படி ஒண்ணு பதிவாகவே இல்ல."

இந்த வீட்டில் எனக்கு என்ன உரிமை இருந்தாலும் அதை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று ஒரே பக்கத்தில் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நிமிட வேலை. இந்தப் பதினோரு வருஷத்தில் வெர்னா கூரையை மாற்றியிருந்தாள், வெள்ளம் புகுந்த நிலவறையைத் தன் கையால் கழுவிக் காயவைத்திருந்தாள், இரண்டு முறை வெளிச்சுவருக்கு வர்ணம் அடித்திருந்தாள். அந்த மனுஷனால் ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை.

டுவேன் தெற்கே நாற்பது மைல் தள்ளி, ஏரிக்கரையில் ஒரு ட்ரெய்லர் வீட்டில் இருந்துகொண்டு படகு மோட்டார் பழுதுபார்க்கிறான். ஆறாவது முறை அடித்தபோது போனை எடுத்தான்.

"அதை அப்பவே போட்டுட்டேன்னு நெனச்சேனே."

"நெனச்சே. போடல. புதன்கிழமை மூணு மணிக்கு உங்க ஊர் பேங்க்ல நோட்டரி இருப்பாரு. வந்து சேரு."

புதன்கிழமை சாயங்காலச் சவாரிக்கு வேறு ஓட்டுநரைக் கெஞ்சி ஏற்பாடு செய்துவிட்டு வெர்னா போனாள். டுவேன் அரை மணி நேரம் தாமதமாக வந்தான். நோட்டரி பெட்டிட், ஒல்லியான, அவசரமே படாத மனிதர். டுவேனின் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இது மார்ச்சோட முடிஞ்சுபோச்சே."

"மூஞ்சி அதேதானே சார்."

"மூஞ்சியை வெச்சு நான் முத்திரை குத்த முடியாது."

பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம் என்று வெர்னாவுக்கே தெரிந்திருந்தது. மார்ச்சிலிருந்து உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டு திரிகிறான், இங்கேயும் அப்படித்தான் வந்திருக்கிறான் என்று மட்டும் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அந்த வார வெள்ளிக்கிழமைக்குள் அதைப் புதுப்பிக்க வைக்க ஒன்பது முறை போன் செய்ய வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மறுபடியும் அதே மேஜை. உரிமம் சரியாக இருந்தது. பெட்டிட் பத்திரத்தில் விட்டிருந்த இடத்தை நிரப்பப் பேனாவை எடுத்தார்.

"கல்யாணம் ஆனவரா, தனியா?"

"தனின்னு போடுங்க," என்றாள் வெர்னா.

டுவேன் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தான். "ஆகஸ்ட்ல ஆச்சு."

"எந்த ஆகஸ்ட்?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

"நம்ம பொண்ணுக்குத் தெரியுமா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

பெட்டிட் பேனாவை மூடினார். ஓஹையோ மாநிலத்தில் புருஷன் பேரில் இருக்கும் நிலத்தில் பெண்டாட்டிக்கும் ஒரு பாத்தியதை உண்டு, அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம் செல்லும் என்றார்.

"அவளைக் கூப்பிடு," என்றாள் வெர்னா.

"அவளுக்கு விஷயமே தெரியாது."

"எது தெரியாது?"

"எனக்கு ஒரு வீடு இருக்குன்னு."

"உனக்கு வீடு இல்ல, டுவேன். அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கோம்."

டுவேனின் புது மனைவி மார்லா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள். சமைக்கும்போது முடி விழாமல் தலையில் போடும் வலையைக்கூடக் கழற்றாமல் இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லாமல் உட்கார்ந்து, பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு தரம் படித்தாள். வெர்னா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத பெண். இவள் முடியாது என்றால் யாரால் என்ன செய்ய முடியும்?

"இதுல நான் கையெழுத்துப் போட்டா எனக்கு என்ன போகுது?" என்று பெட்டிட்டைக் கேட்டாள் மார்லா.

"இவரு உங்களுக்கு முன்னாடி போயிட்டா, இவர் பேர்ல இருக்கிற பாகத்துல மூணுல ஒரு பங்கை உங்க ஆயுசுக்கும் அனுபவிக்கலாம். அது போகும்."

மார்லா யோசித்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நாம இருக்கிற ட்ரெய்லர் யார் பேர்ல இருக்கு?"

டுவேன் தாடையைச் சொறிந்தான். "பழைய ஓனர் பேர்லதான். மாத்தணும்."

"மாத்தியாச்சுன்னு சொன்னியே."

"மாத்திட்டேன்னுதான் நெனச்சேன்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மார்லா காகிதம் கிழிந்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். "பதினோரு வருஷமா அந்த வீட்டைப் பாத்துக்கிட்டது இவங்கதான். எனக்கு எதுக்கு அது?" என்றவள் வெர்னாவிடம், "இந்தப் பத்திரத்தைத் தயார் பண்ணவங்க நம்பர் இருந்தா குடுங்க. எங்க ட்ரெய்லர் விஷயமா நான் இன்னிக்கே பேசணும்," என்றாள்.

வெர்னா எழுதிக் கொடுத்தாள். டுவேனும் கையெழுத்துப் போட்டான்; பெட்டிட் முத்திரை குத்தும்போது அவன் ஜன்னல் வழியாகத் தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வெர்னா பத்திரத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் மூன்று ஜன்னல்கள். நிலத்தின் எல்லைகளைச் சரிபார்க்க ஒன்று, வரிக் கணக்கில் பெயர் மாற்ற ஒன்று, பதிவுக்கு ஒன்று. இரண்டாவது ஜன்னலில் ஒரு படிவம் குறைகிறது என்று அவளை மாடியில் இருந்த முதல் ஜன்னலுக்கே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் முத்திரை விழுந்தது. எண் குத்திய பத்திரத்தைக் கையில் வாங்கியபோது சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். கால் வலிதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வீடு கைமாறியது. அதற்கு முந்தைய மூன்று நாட்கள் மட்டும் அது முழுக்க அவளுடையதாக இருந்தது. அந்த மூன்று நாளும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டே இருந்தவள், வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு, காலியான கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு, ஒரு முழு மணி நேரம் யாருக்கும் போன் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.