மெழுகில் எழுந்த கை

அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இருபது நாள் கழித்துத்தான் தங்கை மெழுகுவர்த்திப் பட்டறையை மறுபடி திறந்தாள். அத்தானும் கூடவே வந்தார். வர்த்திகளைப் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. உருக்குவதும் ஊற்றுவதும் அக்கா தங்கை இருவரும் செய்துவந்தது. இனி இவள் ஒருத்திதான்.

அக்கா கடைசியாக உருக்கி வைத்திருந்த மெழுகு பாத்திரத்தில் அப்படியே இறுகிக் கிடந்தது. அதை அடுப்பேற்றி, தகரத் தட்டில் ஊற்றி ஆறவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தால் தட்டின் நடுவே ஐந்து புடைப்புகள். போர்வைக்கு அடியிலிருந்து யாரோ விரல்நுனியால் தூக்குவதுபோல இருந்தது.

காற்றுக் குமிழியாக இருக்கும் என்று நினைத்து, உடைத்து மறுபடி உருக்கினாள். மெழுகில் அதுதானே சௌகரியம்! எத்தனை முறை பிசகினாலும் உருக்கி ஊற்றிக்கொள்ளலாம்.

இந்தமுறை உள்ளங்கையே மேலே வந்திருந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல். அன்று கதவைச் சாத்தியவள் தங்கைதான்.

அத்தான் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "இது அவ கைதானே?"

"இது வேண்டாம் அத்தான். எங்கயாவது புதைச்சிடலாம்."

"பைத்தியமா உனக்கு? இன்னொரு தடவை உருக்கு. கொஞ்சம் கொஞ்சமா வர்றா பாரு."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அக்காவைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருந்தது. உருக்கினாள்.

அத்தான் தட்டை விட்டு நகரவில்லை. மெழுகு வெளுத்து இறுகத் தொடங்கியபோது மணிக்கட்டு வரை கை எழுந்தது. அவர் அதைப் பற்றிக்கொண்டார். இருபது நாளில் முதல்முறையாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"விடமாட்டேங்கறா."

"இழுங்க அத்தான்!"

"இழுக்கத்தான் செய்யறேன். அவளும் இழுக்கறா."

தட்டின் ஆழம் நாலு விரற்கடைதான். அவர் கையோ முழங்கை வரை உள்ளே போயிருந்தது.

மெழுகு உருக்க வைத்த கொதிநீர் அணைந்த அடுப்பில் இன்னும் ஆறவில்லை; தங்கை அதை அப்படியே தட்டில் கொட்டினாள். பிடி இளகியது. அத்தான் அலறிக்கொண்டு கையை உருவினார். தோல் வெந்து வெளுத்திருந்தது. நடுவே நாலு விரல் தடம்.

ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அடுப்பைப் பத்தவை. இன்னும் ரெண்டு தடவை ஊத்தினா முகம் வந்துடும்."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆனால் பாத்திரத்தை ஏற்றவில்லை. இரும்புக் கம்பியைக் காய்ச்சி, மெழுகுப் பாளத்தில் வரிசையாகத் துளைபோட்டுத் திரிகளைக் கோத்தாள்.

"என்ன பண்றே? எரிச்சா திரும்பி வரமாட்டா!"

"தெரியும். அதுக்குத்தான் எரிக்கறேன்." அவள் தீப்பெட்டியை எடுத்தாள். "அவளைப் பறிகொடுத்தது போதும். உங்களையும் வாரிக்கொடுக்க என்னால ஆகாது."

அத்தான் அவள் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கப் பார்த்தார். வெந்த கை வளையவில்லை. சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

திரிகள் எரிந்தன. விரல்கள் ஒவ்வொன்றாகத் தலைகுனிந்தன. வழிந்து இறுகிய சொட்டுகளைக் கூட அவள் விட்டுவைக்கவில்லை. சுரண்டிச் சுரண்டித் தீக்கே கொடுத்தாள். சுண்டுவிரல் மட்டும் தனியே உடைந்து விழுந்தபோது அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அது சூடாக இருந்தது. பிறகு அதையும் போட்டாள். பொழுது சாய்வதற்குள் தட்டில் கரியைத் தவிர எதுவும் இல்லை.

புது மெழுகு வாங்கி இப்போது தொழில் நடக்கிறது. அத்தானின் தழும்பு மாறவில்லை. தட்டில் மெழுகு இறுகி முடியும்வரை அவள் பட்டறையை விட்டு அசைவதில்லை.

"இன்னும் பயமா?" என்று ஒருநாள் அத்தான் கேட்டார்.

அவள் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல், "பயம்னு சொல்லிக்கறேன்" என்றாள்.